கோத்தகிரி வழியாக வந்த சொல்

நான் படித்தது எட்டாம் வகுப்பு வரைதான். மூளையைப் பற்றி எழுத உனக்கு என்ன தெரியும் என்று யாராவது கேட்டால், பொதுவாக ஒன்றும் தெரியாது, என் மண்டைக்குள் நடந்தது மட்டும் தெரியும் என்றுதான் சொல்வேன். அதைப் பழனி முருகன் எனக்குக் கொஞ்சம் கடுமையாகவே பாடம் நடத்தினான்.

இருபத்தாறு வருஷம் அரசுப் பஸ்ஸில் கண்டக்டர். பாதிக்கு மேல் மேட்டுப்பாளையம் – குன்னூர் மலைப்பாதையில். மேட்டுப்பாளையம் ஸ்டாண்டில் படிக்கட்டில் ஒரு காலை வைத்துக்கொண்டு, "கல்லார், பர்லியார், காட்டேரி, குன்னூர்ர்ர்ர்" என்று நான் இழுத்தால், டீக்கடையில் நிற்கிறவர்கள் கிளாஸைப் பாதியில் வைத்துவிட்டு ஓடி வருவார்கள். முதல் டிரிப்புக்கு முன்னால் நெற்றியிலும் டிக்கெட் பையிலும் திருநீறு இட்டுக்கொள்வேன். பீடி, சாராயம் எதுவும் கிடையாது. என் குரல்தான் என் சொத்து என்று கொஞ்சம் கர்வம் உண்டு. அதை இப்போது ஒத்துக்கொள்கிறேன்.

புரட்டாசியில் ஒரு காலை குன்னூர் ஸ்டாண்டில் டிக்கெட் கிழித்துக்கொண்டிருந்தேன். வலது கையிலிருந்து டிக்கெட் கட்டு நழுவிக் கீழே விழுந்தது. குனிந்து எடுக்கப் போனேன், கை சொன்னபடி கேட்கவில்லை. எதிரில் இருந்த அம்மாவிடம், "கொஞ்சம் எடுத்துக் கொடுங்கம்மா" என்று சொன்னேன். சொன்னதாக நினைத்தேன். வெளியே வந்தது "ளொ ளொ" என்று ஒரு சத்தம்.

"காலங்காத்தாலயே ஊத்திட்டு வந்துட்டாரு பாரு," என்று பின் சீட்டில் ஒருவர் சொன்னார். விபூதியோடு நின்ற என்னைப் பார்த்துத்தான் சொன்னார். இல்லை என்று சொல்ல வாயைத் திறந்தேன். "ரைட்" என்று வந்தது. பஸ்ஸே சிரித்தது. டிரைவர் மட்டும் திரும்பிப் பார்த்து என் முகம் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு போவதைக் கண்டார். பாசஞ்சரோடு பஸ்ஸை நேராக ஆஸ்பத்திரி வாசலுக்கே ஓட்டிக்கொண்டு போனார்.

உயிர் பிழைத்தது. கால் சீக்கிரமே நடக்க வந்தது. கை பாதி வந்தது. பேச்சு வரவில்லை. ஒரே ஒரு சொல் மட்டும் மிஞ்சியது. தண்ணீர் கேட்டால் "ரைட்", பசிக்கிறது என்றால் "ரைட்", வலிக்கிறது என்றால் "ரைட் ரைட்". உள்ளே எல்லாச் சொல்லும் வரிசையாக நின்றன. எது எது என்று எனக்குத் தெரிந்தது. வாய்க்கு வரும்போது மட்டும் எல்லாம் ஓடிப்போய் அந்த ஒன்று நிற்கும்.

குன்னூரை அடுத்த ஜெகதளாவில் எங்கள் வீட்டுக்குக் கூட்டி வந்ததும் என் மனைவி தன் வைத்தியத்தைத் தொடங்கினாள். குழந்தைக்குப் பேச்சு வரத் தாமதமானால் வசம்பை விளக்கில் சுட்டு, தேனில் உரைத்து நாக்கில் தடவுவது எங்கள் பக்கத்து வழக்கம். ஐம்பத்து நாலு வயது ஆளுக்கும் அதே கணக்குத்தான் என்று அவள் முடிவு கட்டிவிட்டாள்.

"பழனிக்கு நடந்து வாரேன்னு வேண்டிக்கிட்டு மூணு வருசமா ஏமாத்துனீங்கல்லோ, அதுக்குத்தான் நாக்கைக் கட்டிப்போட்டுட்டான். வாயைத் தொறங்க. இன்னும் கொஞ்சம் தேய்க்கட்டுங்களா?"

வேண்டாம், எரிகிறது என்று சொல்லத்தான் நான் நினைத்தேன். "ரைட்" என்றேன். தலையை ஆட்டினேன், அவள் தாடையைப் பிடித்துக்கொண்டு இன்னும் அழுத்தித் தேய்த்தாள். பன்னிரண்டு நாள். நாக்கு முழுக்கப் புண். நான் கண்ணீர் விட்டால், "பாருங்க, உறைக்குது. வேலை செய்யுது" என்பாள். அவள் அன்பில் ஒரு குறையும் இல்லை. பாவம், அந்த நாக்குத்தான் சம்பந்தமில்லாமல் அடி வாங்கியது.

இதற்கு நடுவில் பெரிய விஷயம் ஒன்று நின்றுகொண்டிருந்தது. என் ஒரே மகளுக்குக் காரமடையில் இடம் பார்த்துப் பேசி முடித்து, தை மாதம் நிச்சயம் என்று வைத்திருந்தோம். எங்கள் வழக்கத்தில் நிச்சயத்தன்று தட்டு மாற்றுவதற்கு முன்னால் பெண்ணைப் பெற்றவன் சபையில் எழுந்து நின்று, பெண்ணைக் கொடுக்கச் சம்மதம் என்று தன் வாயால் சொல்ல வேண்டும். அதற்கு உறுதி வார்த்தை என்று பெயர். எழுதிக் கொடுத்தால் செல்லாது, தலையை ஆட்டினாலும் செல்லாது.

வசம்பு தொடங்கிய பதின்மூன்றாம் நாள் சம்பந்தி என்னைப் பார்க்க வந்தார். நல்ல மனிதர். ஆரஞ்சுப் பழமும் ஹார்லிக்ஸும் வாங்கிக்கொண்டு வந்திருந்தார். பக்கத்தில் உட்கார்ந்து, சத்தமாக, காது கேட்காதவரிடம் பேசுகிற மாதிரி பேசினார்.

"ஏனுங்க சம்பந்தி, நல்லாருக்கறீங்களா?"

"ரைட்."

"உடம்பு தேறட்டுங்க. நிச்சயத்தை வேணும்னா தள்ளி வெச்சுக்கலாமுங்களா?"

வேண்டாம்! வேண்டவே வேண்டாம்! என் தலையே வெடித்துவிடும் போல இருந்தது. இடது கையை ஆட்டினேன். வாய் என்ன சொல்லியிருக்கும் என்று உங்களுக்கே தெரியும்.

சமையல்கட்டில் டம்ளர் ஒன்று கீழே விழுந்த சத்தம் கேட்டது. என் மகள் அங்கேதான் நின்றிருந்தாள்.

வாசலில் செருப்பு மாட்டும்போது அவர் என் மச்சானிடம் குரலைத் தாழ்த்திக் கேட்டார். மச்சான் என் மனைவிக்கு அண்ணன், குன்னூர் மார்க்கெட்டில் காய்கறிக் கடை. "தப்பா நெனச்சுக்காதீங்க. மனுசனுக்குப் புத்தி தெளிவா இருக்குதுங்களா? பெத்தவரு வாயால ஒரு வார்த்தை வந்துட்டாப் போதுமுங்க. இல்லீன்னா நாலு பேரு நாலு விதமாக் கேப்பாங்க. குடும்பத்துல இப்படி வருமான்னு கேப்பாங்க. பாத்துட்டு, அடுத்த வருசம் வெச்சுக்கலாமுங்க."

ஒவ்வொரு சொல்லும் எனக்குக் கேட்டது. ஒவ்வொன்றும் புரிந்தது. எதிரே முருகன் படம். முருகா, நான் ஊர்ப் பேர்களையே கத்திக்கொண்டிருந்துவிட்டேன், உன் பேரைப் போதுமான அளவு சொல்லவில்லை, அதனாலா என்று கேட்டேன். படத்துக்கு முன்னால் எழுந்து நின்று அந்தப் பேரையாவது சொல்லிப் பார்த்தேன். அதற்கும் "ரைட்"தான்.

மறுநாள் மச்சான் கடையைப் பூட்டிவிட்டு வந்தார். "கெளம்புங்க மாப்ள. கோயமுத்தூருக்குப் போலாம். வசம்பெல்லாம் போதும், இனி உரைச்சா நாக்கே தேஞ்சு போயிரும்."

கோயமுத்தூரில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் தலையைப் படம் எடுத்தார்கள். டாக்டர் சின்ன வயசுப் பெண், என் மகளைவிடப் பத்து வயது மூத்திருந்தால் அதிகம். அவர் என்னிடம் கத்திப் பேசவில்லை. அதிலேயே எனக்குப் பாதித் தெம்பு வந்தது.

"கண்ணை மூடுங்க ஐயா." மூடினேன். "இடது கையால வலது காதைத் தொடுங்க." தொட்டேன். "நாம இப்ப ஊட்டியிலதானே இருக்கோம்?" இல்லை என்று தலையை ஆட்டினேன். அவர் என் மனைவியைப் பார்த்து, "ஐயாவுக்கு எல்லாம் புரியுதுங்கம்மா. புத்தியில ஒண்ணும் கொறையலை," என்றார்.

நான் அழுதேன். இத்தனை நாளில் அதைச் சொன்ன முதல் ஆள் அவர்.

பிறகு பென்சிலை இடது கையில் கொடுத்துப் பெயரை எழுதச் சொன்னார். பென்சில் காகிதத்தில் நின்றது, நகரவில்லை. என் பெயரின் முதல் எழுத்து எப்படி வளையும் என்றே பிடிபடவில்லை. "பாத்தீங்களா? நாக்குல கோளாறுன்னா கையாவது எழுதியிருக்கணும். எங்க, நாக்கை நீட்டுங்க." நீட்டினேன். இடமும் வலமும் ஆட்டினேன். அவர் முகம் மாறியது. "இது என்ன இத்தனை புண்ணு?"

"வசம்புங்க," என்றாள் என் மனைவி, தலையைக் குனிந்துகொண்டு.

டாக்டர் சிரிப்பை அடக்கப் பார்த்தார், முடியவில்லை. "சாமிக்கு எவ்வளவு வேணும்னாலும் வேண்டிக்குங்கம்மா. நாக்கை மட்டும் விட்டுருங்க. அது ஒரு தப்பும் பண்ணலை."

படத்தை வெளிச்சத்தில் மாட்டிக் காட்டினார். இடது பக்கம், முன்னால், நெற்றிப்பொட்டுக்கு உள்ளே நெல்லிக்காய் அளவுக்கு ஒரு மங்கல். நினைத்ததைச் சொல்லாகக் கோத்து வாய்க்கு அனுப்புகிற இடம் அதுதான், அங்கே ரத்தம் போகிற குழாய் அடைத்துவிட்டது என்றார். அதை ஒட்டி மேலே உதட்டையும் நாக்கையும் அசைக்கிற இடம், அதற்கும் கொஞ்சம் அடி. அடுத்தவர் பேசுவதைக் கேட்டுப் பொருள் பிடிக்கிற இடம் வேறு, அது காதுக்குப் பின்னால், என்னுடையது நன்றாக இருக்கிறது.

அந்தப் பின்பக்கத்து இடம் கெட்டால் என்ன ஆகும் என்பதை அன்றே கண்ணால் பார்த்தேன். படம் வரும்வரை என்னைப் படுக்கவைத்திருந்த வார்டில், எதிர்க் கட்டிலில் கூடலூர்ப் பக்கம் ஸ்ரீமதுரையிலிருந்து வந்த ஓர் அம்மா. நிற்காமல் பேசிக்கொண்டிருந்தார், ஏற்ற இறக்கத்தோடு, கையை ஆட்டி, கோபித்து, சமாதானம் சொல்லி. எனக்கு ஒரு வார்த்தை புரியவில்லை. அந்தப் பக்கத்துப் பேச்சு, மலையாளம் கலந்திருக்கும் என்று நினைத்தேன். அவர் மகன் சொன்னார்: "மலையாளமும் இல்லைங்க, தமிழும் இல்லைங்க. எந்த பாஷையும் இல்லை. நாம சொல்றதும் அம்மாவுக்குப் புரியறதில்லை." எனக்குச் சரக்கு இருக்கிறது, வண்டி இல்லை. அந்த அம்மாவுக்கு வண்டி ஓடுகிறது, சரக்கு இல்லை. இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். அவர் என்னிடம் நீளமாக ஏதோ கேட்டார். நான் "ரைட்" என்றேன். அவருக்கு அதில் ஏதோ திருப்தி, புடவைத் தலைப்பை இழுத்துவிட்டுக்கொண்டு சிரித்தார்.

"சரியாகுங்களா?" என்று மச்சான் கேட்டார்.

"அடைச்ச இடம் பழையபடி ஆகாதுங்க. ஆனா பேச்சுன்னா அந்த ஒரு இடம் மட்டும் இல்லை. ராகம், தாளம் இதெல்லாம் வலது பக்கத்துல இருக்குது. வருசக்கணக்காச் சொல்லிச் சொல்லிப் பழகின சொல்லு இன்னும் ஆழத்துல கிடக்கும். அந்த வழியாச் சுத்திக் கொண்டுவரப் பாக்கலாம். ஐயா பாடுவாங்களா?"

"அவரு பாடுனா பஜனைக் கோஷ்டியே எந்திரிச்சுப் போயிருமுங்க," என்றாள் என் மனைவி. உண்மைதான்.

ஆனால் டாக்டர் சொன்னது எனக்குச் சட்டென்று பிடிபட்டுவிட்டது. ஐப்பசி மழையில் பர்லியாருக்கு மேலே மண் சரிந்தால் ரோடு அடைத்துவிடும். அதற்காகக் குன்னூர் இல்லாமல் போய்விடுமா? மேட்டுப்பாளையத்திலிருந்து கோத்தகிரி ரோட்டில் திருப்பிவிடுவார்கள். குஞ்சப்பனை, அரவேணு என்று சுற்றிக்கொண்டு, நேரமானாலும் குன்னூர் போய்ச் சேர்வோம். எத்தனை மழைக்காலத்தில் போயிருக்கிறேன். என் மண்டைக்குள்ளும் கோத்தகிரி ரோடு ஒன்று இருக்கிறது என்று இந்தப் பெண் சொல்கிறார். எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிக்க வேண்டும், அவ்வளவுதான்.

கண்டுபிடித்தது அன்று சாயங்காலமே. ஊருக்குத் திரும்ப மேட்டுப்பாளையத்தில் பஸ் ஏறினோம். கண்டக்டர் வேலைக்குப் புதிது, என்னைத் தெரியாது. டிக்கெட் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு படிக்கட்டில் நின்று இரண்டு விசில் அடித்தார். ஒரு விசில் என்றால் நிற்கும், இரண்டு என்றால் கிளம்பும். அந்த இரண்டாவது விசில் காதில் விழுந்ததுதான் தாமதம்.

"கல்லார், பர்லியார், காட்டேரி, குன்னூர்ர்ர்ர்!"

யார் கத்தியது என்று நானே திரும்பிப் பார்த்தேன். பஸ் முழுக்க என்னைப் பார்த்தது. என் மனைவி வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு அழுதாள். மச்சான் எழுந்து நின்று கூரையில் தலையை இடித்துக்கொண்டார். "மாப்ள! இன்னொருக்காச் சொல்லுங்க மாப்ள!" மறுபடி சொன்னேன். மறுபடியும் சொன்னேன். கல்லாரைத் தாண்டும்வரை நிறுத்தவில்லை. புதுக் கண்டக்டர் கடுப்பாகி, "ஏனுங்க பெரியவரே, என்ற வேலையையும் நீங்களே பாக்கறீங்களா?" என்றார்.

பர்லியாரில் வண்டி நின்றபோது மச்சான், "இது எந்த ஊரு, சொல்லுங்க பாக்கலாம்," என்றார். அந்த ஒற்றைப் பெயர் வரவில்லை. முதலிலிருந்து ஓடினால்தான் வரும். ஆனால் அது எனக்குப் போதும். ரோடு கிடைத்துவிட்டது.

அந்த ரோட்டில் பேச்சு வண்டியை ஓட்ட வீட்டில் கற்றுக்கொடுத்தவள் என் மகள். பால்வாடியில் டீச்சர். பேச்சு வராத குழந்தைகளைக் கைதட்டிப் பேச வைப்பது அவளுக்குத் தினப்படி வேலை. என் இடது கையைப் பிடித்துத் தொடையில் தட்ட வைத்தாள். கல்லார், ஒரு தட்டு. பர்லியார், ஒரு தட்டு. நாலாவது தட்டில் இழுக்க வேண்டும். பிறகு ஊர்ப் பேரை எடுத்துவிட்டு அந்த இடத்தில் வேறு சொல்லை உட்காரவைத்தாள்.

"எனக்கு, கொஞ்சம், தண்ணி, வேணும்ம்ம்ம். சொல்லுங்க அப்பா. பஸ்ஸு கெளம்புது, சீக்கிரம்."

"எனக்கு, கொஞ்சம், காட்டேரி..."

"காட்டேரியைக் குடிக்க முடியாதுங்க அப்பா. மறுபடி முதல்ல இருந்து."

இரண்டு வாரம் கழித்துத் தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்தேன். நாற்பது தடவை குடித்திருப்பேன் அன்றைக்கு, கேட்க முடிகிறது என்பதற்காகவே. பக்கத்து வீட்டுக்காரர்களுக்கு எங்கள் வீட்டில் பஸ் ஸ்டாண்டு வைத்த மாதிரி இருந்திருக்கும். டாக்டர் சொன்னபடி உதட்டுக்குப் பயிற்சியாக என் பழைய விசிலையும் ஊதினேன். முதலில் வலது கடைவாயில் காற்று ஒழுகி "புஸ்" என்று போகும். மார்கழிப் பூஜைக்கு ஊரே எழுந்து போகிற காலையில் ஒரு நாள் அது கீச்சென்று கத்தியது. அன்றைக்குப் பொங்கல் பிரசாதத்தில் எனக்கு இரண்டு பங்கு.

உறுதி வார்த்தையை நாலு தட்டில் அடக்கிக் கொடுத்ததும் மகள்தான். தன் கல்யாணத்துக்குத் தானே அப்பனுக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டியதாகிவிட்டதே என்று அவளுக்கு வெட்கம், சொல்லும்போது என் முகத்தைப் பார்க்க மாட்டாள். என்ற பொண்ணை, உங்கூட்டுக்கு, குடுக்கறனுங்க, சம்மதம்ம்ம்.

மச்சானுக்கு நம்பிக்கை வரவில்லை. "தாய்மாமன் நானிருக்கறேன், நான் சொன்னாலும் செல்லுமுங்க. சபையில போயி ரைட்டுன்னு சொல்லி மானத்தை வாங்கிராதீங்க மாப்ள," என்றார். அவர் பயமும் நியாயமானது. நான் தட்டிக்கொண்டு, "நானே, சொல்லறேன், நீங்க, சும்மாருங்ங்ங்க" என்றேன். அவர் அன்றே செருப்பை மாட்டினார். மாப்பிள்ளை வீட்டாரிடம் போய், தை மாதமே வைத்துக்கொள்ளலாம், பெற்றவர் வாயாலேயே வார்த்தை வரும் என்று சொல்லிவிட்டு வந்தார்.

தை பிறந்து நல்ல நாளில் அவர்கள் இருபது பேர் வந்தார்கள். பனி விலகித் தேயிலைச் சரிவில் வெயில் விழுந்திருந்தது. கூடத்தில் ஜமக்காளம் விரித்து வெற்றிலை, பழம், தேங்காய்த் தட்டுகள். நான் காலையிலேயே நெற்றி நிறையத் திருநீறு இட்டு, வெள்ளைச் சட்டைப் பையில் விசிலைப் போட்டுக்கொண்டேன். அது எதற்கு என்று கேட்டால் தெரியாது. இருபத்தாறு வருஷப் பழக்கம்.

சம்பந்தி கைகூப்பிச் சொன்னார்: "பெத்தவங்க வார்த்தை சொல்லோணுமுங்க."

எழுந்தேன். எல்லார் கண்ணும் என் வாயில். இடது கையால் தொடையைத் தட்டினேன். என்ற பொண்ணை, என்று உள்ளே சொல்லிப் பார்த்தேன், இருந்தது. வாயைத் திறந்தேன்.

"ரைட்."

யாரோ சின்னதாகச் சிரித்தார்கள். மச்சான் எழுந்திருக்கக் கையை ஊன்றினார். இன்னொரு தரம் தட்டினேன். "ரை..." அந்தப் பாழாய்ப்போன சொல் தொண்டையிலேயே குறுக்கே படுத்துக்கொண்டது. கதவுக்குப் பின்னால் என் மகளுடைய பட்டுப்புடவையின் ஓரம் மட்டும் தெரிந்தது. அது அசையவே இல்லை.

முருகா என்று மனசுக்குள் கூப்பிட்டேன். என் கை தானாகச் சட்டைப் பைக்குப் போனது. விசிலை எடுத்து வாயில் வைத்து, அந்தச் சபை நடுவில், இரண்டு விசில் அடித்தேன்.

கிழவர்கள் தூக்கிவாரிப்போட்டு நிமிர்ந்தார்கள். ஒரு குழந்தை வீரிட்டது. எனக்கு மேட்டுப்பாளையம் ஸ்டாண்டு தெரிந்தது, படிக்கட்டில் ஒரு கால் தெரிந்தது.

"என்ற பொண்ணை! உங்கூட்டுக்கு! குடுக்கறனுங்க! சம்மதம்ம்ம்ம்!"

குன்னூருக்கே கேட்டிருக்கும். எத்தனை நாளாக அடைத்துக் கிடந்ததோ அத்தனையும் அந்தக் கடைசி இழுப்பில் போனது.  பிறகு சம்பந்தி எழுந்து வந்து என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். அவர் கண் நிறைந்திருந்தது.

"எங்களுக்கும் சம்மதமுங்க. புத்தி தெளிவான்னு அன்னைக்கு வாசல்ல கேட்டது நானுங்க. உங்க காதுல விழுந்திருக்கும்."

"ரைட்," என்றேன். முதல் தடவையாக அதைத்தான் சொல்ல நினைத்தேன், அதுவே வந்தது. கூடமே சிரித்தது, நானும் சேர்ந்து சிரித்தேன். தட்டு மாறியது.

சாயங்காலம் எல்லாரும் போன பிறகு நான் முருகன் படத்துக்கு முன்னால் உட்கார்ந்திருந்தேன். பங்குனியில் பழனிக்கு நடந்தே வருவதாகச் சொல்லிக்கொண்டிருந்தேன், இந்தத் தடவை ஏமாற்றாமல். என் மனைவி சின்னக் கிண்ணத்தோடு வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். தேன் வாசனை.

"டாக்டரம்மா என்ன வேணாச் சொல்லட்டுங்க. பாதி என்ற வசம்புலதான் வந்துச்சு. இன்னும் ரண்டு நாள் தடவுனாப் பாக்கியும் வந்துருமுங்க. வாயைத் தொறங்க."

நான் தட்டவில்லை. விசில் சட்டைப் பையில், சட்டை ஆணியில் தொங்கியது. கல்லாரும் இல்லை, பர்லியாரும் இல்லை.

"வேண்டாம்."

சாதாரணக் குரலில், நேர் ரோட்டில் வந்தது அது. அவள் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு என் முகத்தைப் பார்த்தாள்.

"என்ன சொன்னீங்க?"

"வேண்டாம். எரியும்."

அவள் படத்தைப் பார்த்துக் கைகூப்பிக்கொண்டே, "டேய் முருகா, இந்த ஆளு என்னை வேண்டாங்கறாரு," என்று சொல்லிச் சொல்லி அழுதாள், சிரித்தாள். பிறகு அந்தத் தேனை வீணாக்காமல் தானே நக்கிவிட்டு, வசம்பு உறைத்ததில் முகத்தைச் சுளித்துக்கொண்டு தண்ணீர் குடிக்க ஓடினாள்.